எதுக்குங்க அவசரம்?

ஜோடி ஷூவில் இடதுக்கு ஒரே திகில். தணிகைநாதன் இன்றைக்கும் ஓட்டத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினால் மறுபடியும் பரண்தான், பிரிக்காத யோகா பாய்க்குப் பக்கத்தில்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் மனிதர் குதிரையாய்ப் பாய்ந்தார். நாலு எட்டில் மூச்சிரைத்தது. "ஐயோ, முடியலடி பரிமளம்!" என்று, மனைவியிடம் அவர் புலம்பும் குரலிலேயே முனகிக் காட்டியது வலது.

"வாயை மூடுடா, நம்ம பொழப்பே போகப்போகுது!" என்றது இடது.

கீழே மண்பாதை சிரித்தது. "எதுக்குங்க அவசரம்? அந்த மருதமரம் வரைக்கும் மெதுவா வாங்க, போதும்."

மரத்தடியில் பாதை நிழல் விரித்து வைத்திருந்தது. அங்கே லேசாக வளைந்து படித்துறையைக் காட்டியது. படித்துறையில் ஒரு மீன்கொத்தி. அது பறந்த பக்கமே தணிகைநாதனும் மெல்ல ஓடினார், ஓடுகிறோம் என்பதையே மறந்து. பார்த்தால் பாதை முடியும் பாலமே வந்துவிட்டது!

"எவ்வளவு தூரம்னு கடைசிவரைக்கும் மூச்சே விடலையே, கெட்டிக்காரி!" என்று பாதையிடம் சொக்கிப்போனது இடது.

வீட்டில் பரிமளம் ஷூவின் அட்டைப்பெட்டியோடு வந்தாள். "பரண்ல போட்டுடவா?"

"வேணாம், வாசல்லயே கெடக்கட்டும்."

இடதுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. "டேய், எப்போடா விடியும்?"

வலது அச்சு அசலாய் மண்பாதையின் குரலில் குழைந்தது: "எதுக்குங்க அவசரம்?"