சுண்டுவிரல்

அவர் விளம்பரங்களுக்கு இசை போட்டுப் பிழைப்பவர். நான்கு சுரங்களை ஒன்றாக அழுத்தி ஒரே கார்டாகக் கொடுத்தால், கணினியிலிருக்கும் ஆர்பெஜியேட்டர் மென்பொருள் அதைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிக்கும். மயிரிழை பிசகாது.

மகள் இறந்த மாதத்திலிருந்து நான்காவது சுரம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. கீபோர்டில் கட்டைவிரலைக் கீழ் ஸாவில் வைத்தால் சுண்டுவிரல் நான்காவது சுரமான மேல் ஸாவை எட்டாது. கையைத் தூக்கித் தாவித்தான் அழுத்துவாள். அதே தாமதம்.

மென்பொருளை மாற்றினார். கணினியையே மாற்றினார். சவுண்ட் இன்ஜினியர் வந்து திரையில் ஓடிய அலைக்கோட்டை உற்றுப் பார்த்தார். "கோட்டுல கரெக்டாதான் இருக்குண்ணா. காதுலதான் லேட்டா விழுது."

அதன்பிறகு அவர் மனைவியைத் தவிர யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வருடத்துக்கு வருடம் தாமதம் குறைந்துகொண்டே வந்தது.

இன்று காலை ஷாம்பூ விளம்பரத்துக்காகக் கார்டை அழுத்தினார். நான்கும் சீராக வந்தன. திரும்ப அழுத்தினார். அப்படியேதான்.

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"கை எட்டிடுச்சாங்க?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அவளுக்குப் பன்னெண்டு வயசு முடிஞ்சிடுச்சே, எட்டாம என்ன?" என்றாள். பாதி மடித்த துண்டு அவள் கையிலேயே இருந்தது. "இனிமே வாசிக்கிறது அவதான்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் மறுபடி அழுத்தினார். நான்கு சுரங்களும் மயிரிழை பிசகாமல் வந்தன.