மஞ்சள் வில்லை

ஏரியில் எத்தனை மீன் மிச்சம் என்று கணக்கிடுவதற்காக, போன வருடம் இருநூறு மீன்களுக்கு முதுகில் அடையாளமாக மஞ்சள் வில்லை குத்தி விட்டிருந்தார் மீன்வள அதிகாரி. இன்று வலை போட்டுப் பார்த்தால், பத்துக்கு ஒன்பது வில்லை மீன்!

அப்படியென்றால் ஏரியில் மிச்சம் இருநூற்றுச் சொச்சம் மீன்தான் என்று கணக்குப் போட்டவர், பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார்.

“தலைவரே, வில்லை இல்லாத மீனெல்லாம் எங்கய்யா?”

மீனவர் சங்கத் தலைவர் காதைச் சொறிந்தார். “பிடிச்சு வித்துட்டோம் சார்.”

“அப்ப இதுங்க மட்டும் எப்படித் தப்பிச்சுது?”

“அதெல்லாம் சர்க்கார் மீனாச்சே! வலையில மாட்டினா கும்பிடு போட்டுத் திரும்ப விட்டுடுவோம். யாரு கேஸு வாங்குறது?”

மீன்பிடிக்கத் தடை போட ஆணை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி, பேனாவை நிறுத்தினார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேலிடத்துக்கு எழுதினார்:

‘உடனே தேவை: வளர்ந்த மீன்குஞ்சு ஐயாயிரம். மஞ்சள் வில்லை ஐயாயிரம்.’