பின்சக்கரத்துப் பிஸ்டன்

பிஸ்டன் மயிரிழை உள்ளே போனது. அதற்கு மேல் அசைய மாட்டேன் என்றது.

பிஸ்டனை அமுக்கும் கிளாம்ப்பின் கைப்பிடியை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மூக்கு நுனியில் சேர்ந்த வியர்வை டிஸ்க் மேல் சொட்டியது. காலையில் காரின் முன்சக்கரங்களைக் கழற்றிப் பிரேக் பேடுகளை மாற்றியபோது இதே கிளாம்ப்புக்கு அங்கிருந்த பிஸ்டன்கள் சமர்த்தாக உள்ளே போயின. பின்சக்கரம்தான் முரண்டு பிடித்தது.

பேடு தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதைத் திரும்ப உள்ளே அமுக்கினால்தான் தடிமனான புதுப் பேடுக்கு இடம் கிடைக்கும். எண்ணெய்தான் வழிவிடவில்லையோ என்று பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் மூடியைக் கழற்றினார். பார்க்கிங் பிரேக் பிடித்திருக்கிறதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அதை விடுவித்துவிட்டுத்தான், வண்டி உருளாமலிருக்க முன்சக்கரங்களுக்குக் கட்டையே கொடுத்திருந்தார்.

ஆனால் அவருடைய கோபமெல்லாம் ஷெட் வாசலில் கைகட்டி நின்ற மச்சினன் மேல்தான்.

“இங்க வா. இதப் பாரு.” கழற்றிய பின்சக்கரப் பேடை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அட்டை கனம்கூட மிச்சமில்லை. “முன்னாடி கழட்டின பேடுல பாதி மிச்சம் இருக்கு. பின்னாடி மட்டும் இந்த லட்சணம். ஏன் தெரியுமா?”

“தெரியாது மாமா.”

“தெரியாதுல்ல, கேட்டுக்க. வளைவுல வேகமா திருப்பினா இந்த வண்டி வெளிப்பக்கமா இழுத்துக்கிட்டு ஓடப் பாக்கும். அப்ப உள்பக்கத்துப் பின்சக்கரத்த மட்டும் வண்டியோட கம்ப்யூட்டரே லேசாப் பிடிக்கும். ஒரு பக்கம் பிடிச்சா வண்டி அந்தப் பக்கமாத் திரும்பும், இல்லையா? நாம பிரேக்க மிதிக்கவே வேணாம்.” கோபத்திலும் விளக்கத்தில் குறை வைக்க அவருக்கு மனம் வராது. “வளைவுக்கு வளைவு அழுத்தி ஓட்டுறவன் வண்டில பின் பேடுதான் முதல்ல காலி.”

“நான் ஓட்டல மாமா. அது ஸ்டார்ட் ஆகும்போது உறுமற சத்தத்துக்கே நான் ரெண்டடி தள்ளி நிப்பேன்.”

“அப்ப ஆவியா ஓட்டுச்சு? திங்கக்கிழமை பாலம் கட்டற எடத்துக்குப் போறவன் நான், சனிக்கிழமைதான் வர்றேன். சாவி வீட்ல இருக்கு, நீயும் வீட்ல இருக்க. உங்கக்கா ஓட்டினா சைக்கிள்காரன் மணியடிச்சு முந்திட்டுப் போறான்.”

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி வந்தாள். “என்னங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“தம்பிக்கு வக்காலத்துன்னா உள்ள போயிடு.”

அவள் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவர் புதுப் பேடைப் பழையதன் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தார். கார் வாங்கி இரண்டு வருடத்தில் பேடு மாற்ற அவர் கை வைப்பது இதுதான் முதல் தடவை. பழையதன் முதுகுத் தகடு சிவப்பு, புதியதன் தகடு கறுப்பு. “வண்டியோட வர்ற அதே பேடுன்னு கம்பெனில கேட்டு வாங்கினேன். அதுலயும் கலர மாத்திட்டானுங்க.” அந்த எரிச்சலையும் மச்சினன் தலையிலேயே கட்டினார். “நான்தான் எடுத்தேன் மாமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பொய் சொல்றவனுக்கு இந்த வீட்ல எடம் இல்ல. இன்னைக்கே கிளம்பு.”

“வேலை கிடைக்கிற வரைக்கும் இருன்னு நீங்கதான சொன்னீங்க.”

“இப்ப நான்தான் போன்னு சொல்றேன்.”

மச்சினனின் முகம் சிவந்தது. “செய்யாதத செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு இங்க சோறு திங்கறதுக்கு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சு எவ்வளவோ மேல்.”

அவன் உள்ளே போனான். அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தோளில் பையோடு வந்து, குனிந்து செருப்பை மாட்டினான்.

“டேய், நில்லு,” என்றாள் அவள்.

“விடுக்கா. நீ இவரோட குடும்பம் நடத்தணும்.”

அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்துக் கிளாம்ப்பின் கைப்பிடியில் செருகினார். நீளம் கூடினால் பலம் கூடும். உடம்பையெல்லாம் கொடுத்து அமுக்கப் போனார்.

“நிறுத்துங்க. உடைஞ்சிடும்.”

“இதுல உனக்கு என்ன தெரியும்?”

அவள் வந்து குழாயை அவர் கையிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டாள். சத்தத்தில் மச்சினன் திரும்பிப் பார்த்தான்.

“நீ போய் அந்தப் பைய உள்ள வைடா. நான் சொல்றத ரெண்டு பேரும் கேளுங்க. பின்சக்கரத்துல பிஸ்டனுக்குப் பின்னாடி பார்க்கிங் பிரேக்கோட மோட்டார் இருக்கு. அதுல ஒரு திருகு. பார்க்கிங் பிரேக்க விடுவிச்சா அந்தத் திருகு கொஞ்சம்தான் விலகும். முழுசாப் பின்னால போற வரைக்கும், யானையக் கூட்டிட்டு வந்தாலும் பிஸ்டன் உள்ள போகாது.”

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து காரை ஆன் செய்தாள். திரையில் எதையும் தேடவில்லை. விரல் நேராகப் போய் நாலைந்து இடத்தில் தட்டியது. பின்சக்கரத்துக்குள் மோட்டார் முனகிக்கொண்டு ஓடி நின்றது.

“சர்வீஸ் மோடு போட்டாச்சு. இப்ப அமுக்குங்க.”

அவர் கிளாம்ப்பை வெறும் கையால் திருகினார். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“போன தடவ நான் பேடு மாத்தினப்பவும் இப்படித்தான் அடம் பிடிச்சுது.”