பத்தொன்பது பேருக்கு ஒரே நம்பர்

பெரிய திரையில் என் போன் நம்பர் சிவப்பு எழுத்தில் நின்றது. அதன் கீழே பத்தொன்பது பெண்களின் பெயர்.

இது யாருடைய நம்பர் என்று கேட்டார் ஜீவானந்தம். சேலத்திலிருந்து வந்திருக்கிற இன்ஜினியர். எடப்பாடிப் பக்கத்துக் கிராம நர்சுகளுக்குக் காலையிலிருந்து பாடம் எடுக்கிறார். எங்கள் கையில் கொடுத்திருக்கிற ஆப்பிலிருந்து நோயாளிகளின் விவரம் திருடு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று.

எழுந்து நின்றேன். ஐம்பத்திரண்டு வயதில் பெஞ்சு மேல் ஏறச் சொல்லாததுதான் பாக்கி.

பத்தொன்பது பேருக்கு ஒரே நம்பர் என்றால் எல்லாம் போலிப் பதிவு என்றார். முன்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்வேர்டை யாருக்கும் காட்டாதீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். எங்களுக்குக் கொடுத்த டேப்லெட்டின் முதுகில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டி அனுப்பியதே இவருடைய கம்பெனிதான். இப்போது பத்தொன்பது பெண்களின் பெயரை அத்தனை பேரும் பார்க்கத் திரையில் போட்டுவிட்டு, ரகசியம் காப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித் தருகிறார்.

ஏழாவது பெயர், ரஞ்சனி. இருபத்து மூன்று வயது. ரெண்டும் பெண் குழந்தை, ரெண்டும் ஆபரேஷன். ரத்தம் ஏழுதான் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் மறுபடி உண்டானால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அவள் புருஷனுக்கு ஆண் வாரிசு வேண்டுமாம். லாரி ஓட்டுகிறவன். வாரிசுக்கு எழுதிவைக்க ஜமீன் கிடக்கிறது பாருங்கள்.

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கை ஓங்கிவிடுவான். அவள் போனைத் தினமும் நோண்டிப் பார்ப்பான். அவனைப் பெற்றவளைச் சொல்ல வேண்டும்.

அவளே கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கருத்தடை ஊசி போட்டு வருகிறேன். அந்த வீட்டில் மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த ஊசி எப்போது என்று ஆப்பிலிருந்து மெசேஜ் வரும். அது அவன் கண்ணில் படக் கூடாது என்றுதான் என் நம்பரைக் கொடுத்தேன். மற்ற பதினெட்டு பேருக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதை இத்தனை பேர் முன்னால் சொல்ல முடியுமா? சொன்னால் பொழுது சாய்வதற்குள் அவன் காதுக்குப் போய்விடும்.

இப்போதே சரிசெய்துவிடலாம் என்றார் ஜீவானந்தம். அவரவர் புருஷன் நம்பர் குடும்பப் பதிவில் இருக்கிறதாம். ஒரே பட்டன்தானாம். நீங்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"சார், அதைத் தொடாதீங்க. காரணம் இருக்குதுங்க. வெளிய வாங்க, சொல்றேன்."

தப்புச் செய்கிறவர்கள் எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கும் மேடம் என்று சிரித்துக்கொண்டே அழுத்திவிட்டார்.

என் நம்பர் மறைந்தது. ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேரே ஓர் ஆணின் நம்பர் வந்து உட்கார்ந்தது. எல்லாருக்கும் இந்த நிமிஷமே மெசேஜ் போகும், என்ன ஊசி, எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கும் என்றார் பெருமையாக. கைதட்டினார்கள்.

படித்தவர்தான். பொண்டாட்டியின் உடம்பு விஷயம் புருஷன் போனில் இருந்தால் பத்திரம் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களோ.

மற்ற பதினெட்டு பேரும் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். ரஞ்சனி என்ன செய்வாள்? அவன் லாரி காலையிலிருந்து சங்ககிரியில் லோடுக்கு நிற்கிறது. போனும் கையுமாகத்தான் இருப்பான்.

நான் பையை எடுப்பதற்குள் என் போன் அடித்தது. அவன்தான்.

"ஏம்மா, உன்ற மருமகளுக்கு என்ன ஊசி போட்டு உட்டிருக்கறே?"

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். இங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரம். சங்ககிரியிலிருந்து அவனுக்கும் அவ்வளவுதான்.