பத்துக்கு ஏழு

"நீயே வந்து பாத்து ஒரு முடிவு சொல்லு. கூட்டிட்டுப் போறேன்னா உன்கூட அனுப்பி வைக்கிறேன்."

அக்கா போனில் இப்படிச் சொன்னபோது எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை மறைப்பானேன்? பதினாலு வருஷமாகப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பெண்ணை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் போகிறேன் என்று அக்கா சொன்ன அன்றே, இது தேறாது என்று அடித்துச் சொன்னவள் நான்.

அக்கா வீட்டுக்காரருக்குப் பாலம் கட்டும் வேலை. ஒரு பாலம் முடிந்தால் ஊர் மாறும், வீடு மாறும். நாலு வருஷத்தில் அஞ்சு பள்ளிக்கூடம் மாறி, பெண் வாயே திறக்காமல் ஆகிவிட்டாள். அதனால்தான் வீட்டுப் படிப்பு. காரணம் நியாயம்தான். ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டாமா? அக்கா கணக்கைத் தலைமுழுகி இருபது வருஷம் இருக்கும்.

சனிக்கிழமை காலை போய் இறங்கினேன். சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. சுவரில் கால அட்டவணை ஒட்டியிருந்தது. 'ஓவியம்' என்று இருந்த கட்டங்களை எல்லாம் அடித்துவிட்டு 'கணக்கு' என்று எழுதியிருந்தாள் அக்கா.

"வரையறதுன்னா உயிரை விடுவாளே. அதையா நிறுத்தின?"

"வேற என்ன பண்றது? பத்துக்கு எட்டு வாங்கினாதான் அடுத்த பாடம்னு வச்சிருக்கேன். ரெண்டு மாசமா பின்னத்துலயே நிக்கிறா. திட்டிப் பாத்துட்டேன், கெஞ்சிப் பாத்துட்டேன். நகர மாட்டேங்கறா." அக்காவின் குரல் கம்மியது. "எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியலடி. அவ படிப்பைக் கெடுத்துட்டேனோன்னு பயமா இருக்கு."

நான் அன்றைக்கே சொன்னேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. பெருந்தன்மையாக அடக்கிக்கொண்டேன்.

"என் ஸ்கூல்லயே சேத்துடலாம். ஒரு வகுப்பு கீழ உக்காரட்டும், தப்பில்ல. என் வீட்டுல தங்கிக்கட்டும். லீவுக்கு லீவு வந்து பாத்துக்கோ."

அக்கா எதையோ மென்று விழுங்கினாள். "சரி. அவ துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்று உள்ளறைக்குப் போனாள்.

அக்கா பெண் மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பதினோரு வயசு. நாங்கள் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். சீவுவதை நிறுத்தவில்லை.

அவளுடைய பரீட்சைத் தாள்களை வாங்கிப் புரட்டினேன். மொத்தம் ஒன்பது. எல்லாவற்றிலும் ஏழு. ஒன்றில்கூட ஆறு கிடையாது, எட்டும் கிடையாது. என் வகுப்பு மக்குகள்கூட ஒரு நாள் மூன்று வாங்கினால் இன்னொரு நாள் ஆறு வாங்கும்.

என்ன தப்பு என்று பார்த்தேன். அரையும் காலும் கூட்டுகிற முதல் கணக்கு தப்பு. கடைசியில் இருந்த வில்லங்கமான வகுத்தல் கணக்கு, என் சக டீச்சர்களே சறுக்குவது, அழகாகச் சரி.

அக்கா விடைப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் போட்டிருக்கிறாள். எத்தனை தப்பு என்று எண்ணியிருக்கிறாளே தவிர, எது தப்பு என்று கவனிக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் தட்டியது. புத்தகத்தில் அடுத்த பாடத்தைத் திறந்தேன். இயற்கணிதம்.

"இதுல முதல் அஞ்சு கணக்கு போடு பாப்போம்."

அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன். போடு."

நாலே நிமிஷம். அஞ்சும் சரி.

"ஏய், இதை யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"புத்தகத்துலயே போட்டிருக்கே சித்தி. படிச்சா புரியுது."

"அப்புறம் எதுக்கு இந்த ஏழு?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எட்டு வாங்கினா அம்மா இந்தப் பாடத்தை நடத்தணும். அம்மாவுக்கு இன்னும் இது வரல. மத்தியானம் நான் தூங்கிட்டேன்னு நெனச்சு உக்காந்து போட்டுப் பாப்பாங்க. தப்பாவே வரும். அப்புறம் அழுவாங்க. இப்ப பரவால்ல சித்தி. நேத்து ரெண்டு சரியா வந்துச்சு."

ரெண்டு மாசமாகத் திட்டு வாங்கியிருக்கிறது இந்தப் பெண். உயிரான ஓவியத்தைப் பறிகொடுத்திருக்கிறது. இப்போது அம்மாவை விட்டு என்னோடு கிளம்ப வேண்டிய நிலைமை வந்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'எனக்கு இது தெரியலடி' என்று அம்மா தன் முன்னால் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமே, இதுக்காகவா இத்தனையும்?" அவள் தலையைத் தடவினேன். "அம்மா எனக்கு ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல புரிய வச்சிருப்பேனே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"போட்டாங்க சித்தி. நான் பக்கத்துலதான் இருந்தேன். அம்மா கேட்டு முடிக்கறதுக்குள்ள நீங்க சிரிச்சுட்டீங்க."