சிவக்காத சீட்டு

மாம்பழ ஈக்களை ஆற்றுக்கு அக்கரை நாட்டில் வளர்த்தார்கள். கதிர்வீச்சில் மலடாக்கி, அடையாளத்துக்கு ரோஸ் நிறப் பொடி தூவி, வாரம் நாற்பது பெட்டி இக்கரைக்கு அனுப்பினார்கள். அவற்றோடு கூடும் ஊர் ஈயின் முட்டை பொரிக்காது. பழத்தில் புழு வைக்காது. பெட்டிகளைத் தோப்புதோப்பாகத் திறந்துவிடுவது அன்னக்கொடியின் வேலை. அன்று கடைசிப் பெட்டியைத் தன் தோப்பில் திறந்தாள். இரண்டு வருடமாகப் புழு தின்றுகொண்டிருந்த தோப்பு. ஈக்கள் புகைபோல் எழுந்து கிளைகளுக்குள் போன பிறகுதான் மூடியைப் பார்த்தாள். கதிர்வீச்சு பட்டால் சிவக்க வேண்டிய சீட்டு மஞ்சளாகவே இருந்தது.

“பாத்துட்டுல்ல தொறக்கணும்?” என்றார் வண்டி ஓட்டி வந்த மரியதாஸ்.

“ஒரு பெட்டிகூட இதுவரைக்கும் தப்பா வரலியேண்ணே. பாக்கறதையே விட்டுட்டேன்.”

“வெளிய சொல்லாத தாயி. அக்கரைக்காரன் நம்மளக் குத்தம் சொல்வான், நம்மாளு அவனச் சொல்வான். பெட்டி வர்றதே நின்னுரும். ஈப்பொறியில விழுந்தத ஆபீசர் எண்றப்ப தானாத் தெரியும்.”

“எப்படித் தெரியும்? இதுக்கும் பொடி தூவித்தானே அனுப்பியிருக்காங்க.”

மரியதாஸ் வண்டியில் ஏறினார்.

இரண்டு வாரம் கழித்து, பொறிகளில் விழுந்த ஈக்களை எண்ண வந்த அலுவலர் அவள் தோப்பில் உட்கார்ந்து சிரித்தார். “அத்தனையும் ரோஸ்! எல்லாமே மலட்டு ஈம்மா. உன் தோப்பு தப்பிச்சிருச்சு.”

அன்னக்கொடி முதுகுக்குப் பின்னால் ஒரு மாங்காயைப் பிடித்திருந்தாள். அழுத்தாமலே பெருவிரல் தோலுக்குள் இறங்கியது.

குறிப்பேட்டை மூடி நிமிர்ந்தவர், “கையில என்ன?” என்றார்.