பட்டியலில் இல்லாத பெண்

திரையில் அந்த வேன் சித்தேரி மலையடிவாரத்தில் நின்றதும் தெரசா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இந்தக் காட்சியை அவள் இயக்குநரிடம் சொல்லவே இல்லை.

மற்றதெல்லாம் அவள் சொன்னதுதான். கூடை வாங்க வழியில்லாமல் மரத்தில் சைக்கிள் டயரைக் கட்டியது, பொம்மிடிப் பக்கத்து அரசுப் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்தில் மாநிலக் கோப்பையைத் தூக்கி வந்தது, எல்லாம் அப்படியே படமாகியிருந்தது. தருமபுரி தியேட்டரில் இன்று காலை பயிற்சியாளர் தெரசாவுக்கும் அவளுடைய பழைய மாணவிகளுக்கும் மட்டும் போட்டுக் காட்டினார்கள்.

தெரசாவாக நடித்தவர் விசில் ஊதும்போதெல்லாம் பின்வரிசையில் இருந்து கிண்டல் வந்தது.

"மிஸ், நீங்க இவ்ளோ அழகா எப்ப இருந்தீங்க?"

வேன் நின்றதும் கிண்டலும் நின்றது.

பதினோராம் எண் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு ஒரு பெண் இறங்கினாள்.

கோகிலவாணி.

அந்தச் சட்டை அணியில் ஆடிய பிரியதர்ஷினியுடையது. இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. தெரசா மலையேறிப் போனாள். படிப்பை நிறுத்தி ஆறு மாதமான கோகிலாவை வீட்டுக்குத் தெரியாமல் அழைத்து வந்து, பிரியதர்ஷினி என்ற பெயரில் ஆட விட்டாள்.

கடைசிப் பந்தைக் கூடையில் போட்டது கோகிலாதான்.

வெளியே தெரிந்தால் கோப்பை போகும். தெரசாவின் வேலையும் போகும். பொம்மிடியிலோ மேளத்தோடு ஊர்க்காரர்களும், கேமராவோடு பத்திரிகைக்காரர்களும் காத்திருந்தார்கள். அதனால் அவளை வழியிலேயே இறக்கிவிட்டாள்.

கோகிலா வீடு போய்ச் சேரவில்லை.

எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விசாரிக்க வந்த போலீசாரிடம், பள்ளியை விட்டு நின்ற பெண்ணைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள் தெரசா. வேனில் இருந்த பெண்களும் அவள் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டார்கள். ஐந்து வருடமாகிறது.

படம் அதோடு விடவில்லை.

வேன் போன பிறகும் கேமரா அங்கேயே இருந்தது. அந்தப் பெண் ஓர் அடிகூட நகரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்தபடி நின்றாள்.

வெயில் இறங்கியது. நின்றாள்.

மலைக்குப் போகும் கடைசி பஸ் நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. அவள் ஏறவில்லை.

வேனில் போன யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது.

தாங்கள் யாரும் சொல்லவில்லை என்று பிரியதர்ஷினி தெரசாவின் காதருகே சத்தியம் செய்தாள்.

இடைவேளை விளக்கு எரிந்தது. இயக்குநர் இளம்பரிதி சிரித்தபடி வந்தார். அந்தக் காட்சி எங்கிருந்து கிடைத்தது என்று தெரசா கேட்டாள்.

மலையடிவாரத்தில் படப்பிடிப்பு நடந்த பத்து நாளும் ஒரு பெண் அங்கேயே நின்றுகொண்டிருந்தாளாம். இந்தக் காட்சி முழுக்க அவள் சொன்னதுதானாம். பேரை மட்டும் சொல்லவில்லையாம். பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும் என்றார்.

"இருட்டறதுக்குள்ள எங்க வண்டியில கொண்டு போய் விடறோம்னு தினமும் கூப்பிட்டோம் மேடம். வரவே மாட்டேன்னுடுச்சு."

இளம்பரிதி தெரசாவின் முகத்தையே பார்த்தார்.

"'எங்க மிஸ் மத்தவங்கள பொம்மிடியில எறக்கிட்டு, வேனத் திருப்பி அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. அது வர்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னாங்க. அதுலதான் வூட்டுக்குப் போவேன்'னு சொல்லுதுங்க. நீங்க இன்னும் வேன் அனுப்பலையா மேடம்?"